உள்ளே நனைந்த கூடாரம்

காலை 7.05.

நெல்லித்தோப்பில் அந்தச் சந்துக்குள் ஜீப் நுழையாது. சப்-இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி முனையிலேயே இறங்கி நடந்தாள். தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை, பின்னிரவில் தொடங்கி விடிகிற நேரத்தில்தான் விட்டிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. சந்தெல்லாம் சேறு.

வீட்டு வாசலில் ஒரு பழைய மொபெட் நின்றது. அதன் இருக்கைப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்துப் படியில் வயதான ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்ததையும் பார்க்கவில்லை, தன் வேட்டி நுனி சேற்றில் ஊறுவதையும் பார்க்கவில்லை.

"செத்தவனோட அப்பா, மேடம். தணிகாசலம்," என்றார் ஏட்டு மதிவாணன், தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "மில்லுல இருந்தவரு. மில்லு மூடினப்புறம் வீட்டோடதான். நானும் இந்த ஏரியாதான், தெரியும். பொண்டாட்டி நனைஞ்சாலும் பரவாயில்ல, வண்டி நனையக் கூடாதும்பாரு. இன்னிக்கு அதுவும் நனைஞ்சு நிக்குது பாருங்க."

நிர்மலாதேவி மொபெட்டை ஒருமுறை பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. படியேறினாள்.

மொட்டை மாடியில் குட்டை குட்டையாகத் தண்ணீர். நடுவில் ஒரு பச்சைக் கூடாரம், ஒருவர் மட்டும் படுக்கிற அளவு. அதைச் சுற்றி, சற்றுத் தள்ளி, நான்கு மூலைக்கும் செங்கற்கள் கிடந்தன. கூடாரத்துக்கு இரண்டு துணி: உள்ளே கொசுவலைக் கதவுள்ள ஒன்று, அதன்மேல் மழைக்கான வெளித்துணி. வெளித்துணி முன்பக்கம் நீண்டு ஒரு சின்ன முகப்பாக இறங்கும். அந்த முகப்பைத் திறந்தால் திரைபோலச் சுருட்டி மேலே கட்டிக்கொள்ளலாம். இப்போது அது சுருட்டப்பட்டு, இரண்டு பக்கமும் நாடாவால் கச்சிதமாகக் கட்டப்பட்டிருந்தது.

முகப்புக்கடியில் செருப்பு. பக்கத்தில், பால் பவுடர் டின்னில் ஓட்டை போட்டுச் செய்த ஓர் அடுப்பு. அதில் கொட்டாங்கச்சிக் கரியின் சாம்பல். தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு.

கொசுவலைக்கு உள்ளே இளம்பரிதி, இருபத்தெட்டு வயது, ஒருக்களித்துத் தூங்குகிறவன்போலக் கிடந்தான். கன்னத்தில் ஆரோக்கியமான பிள்ளையின் சிவப்பு. அந்தச் சிவப்பு எதனால் வருவது என்று நிர்மலாதேவிக்குத் தெரியும். மூடிய அறையில் கரியடுப்போடு தூங்கிப்போனவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள்.

குனிய வசதியாகக் கூடாரத்தின்மேல் கையூன்றினாள். உள்ளங்கையில் காய்ந்த புழுதி ஒட்டியது. தலையை உள்ளே நீட்டினாள். பின்கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"யாரு முதல்ல பாத்தது?"

மாடிக்கதவருகே நின்றிருந்த பெண்மணி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். தனக்கொடி, இளம்பரிதியின் அம்மா.

"நான்தாம்மா. டீ எடுத்துக்கினு வந்தேன். கூப்ட்டேன், பதில் இல்ல."

"அப்ப கூடாரம் எப்படி இருந்தது?"

"எல்லாத்தையும் மூடிட்டு, அடுப்ப உள்ள வச்சுக்கினு படுத்திருந்தான்."

"இந்த முகப்பு?"

"அதுவும் மூடித்தான் இருந்துச்சு. நான்தான் பிச்சுத் திறந்தேன். பாத்ததும் கத்தினேன். அவரு கீழருந்து ஓடியாந்தாரு."

"ஏன் மாடியில படுத்திருந்தாரு?"

"நாளைக்கு ஊருக்குப் போறதா இருந்தான். எங்கயோ அந்தமான்ல ஒரு தீவாம், ஆளே இல்லாத கரையாம். போறதுக்கு முன்னாடி இப்படித்தான் மாடியில படுத்துப் பழகிப்பான்."

காலை 8.20.

கூடாரத்துக்குள் ஒரு முதுகுப்பை. அதில் அரிசி, பருப்புப்பொடி, நெத்திலிக் கருவாடு, நைலான் கயிறு, சென்னையிலிருந்து போகும் கப்பலில் மிகக் குறைந்த வகுப்புக்கான டிக்கெட். போக ஒன்று, வர ஒன்று. ஒரு தண்ணீர்பாட்டிலில் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது.

"சாகப் போறவன் காலையில திங்கக் கடலை ஊறப் போடுவானா மேடம்?" என்றார் மதிவாணன்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேட்டா சொல்லணும்ல, அதான் நிக்கிறேன்." அது கமலவேணி. இட்லித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்துச்சு. பூவிழின்னு பேரு. நாலு வருசமாப் பழக்கம். இங்கதான் நின்னு சண்ட போட்டுச்சு. 'இந்தத் தடவ போனா அப்படியே போயிடு, திரும்பி வராத'ன்னுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவன் என்னா சொல்வான். சிரிச்சான். அவனுக்கு எல்லாத்துக்கும் சிரிப்புத்தான். வேலய விட்டுட்டு வந்து நின்னப்பவும் சிரிச்சுக்கினுதான் நின்னான். அன்னிலேருந்து அப்பங்காரன் அவன்கூடப் பேச்சு இல்ல. ஒரே வீட்டுல ஒரு வருசம், ஒரு வார்த்த இல்ல."

நிர்மலாதேவி கீழே இறங்கி வந்து தணிகாசலத்துக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மழ வந்தப்ப." மாடிப்பக்கம் கையைக் காட்டினார். "தூங்கினு இருந்தான்."

"பேசினீங்களா?"

அவர் தலையசைத்தார், இல்லை என்று. மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து தனக்கொடி வந்துவிட்டாள்.

"அவர விட்டுருங்கம்மா. ஏற்கெனவே நெஞ்சடைப்பு வந்து குழாய் வச்ச ஆளு."

பகல் 12.30.

பூவிழி தானாகவே ஸ்டேஷனுக்கு வந்தாள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கழற்ற மறந்திருந்தாள்.

"நான்தான் கொன்னேன்னு எழுதிக்குங்க மேடம்."

"அப்படி எழுத முடியாது. உட்காருங்க."

"திரும்பி வராதன்னு சொன்னேன். எங்க வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. அதச் சொல்லத்தான் போனேன். சொல்லத் தெரியாம சண்ட போட்டுட்டேன்."

"அவரு கோபப்பட்டாரா?"

"இல்ல. 'ரெண்டு வாரம், வந்ததும் உங்கப்பாவ வந்து பாக்கறேன்'னாரு. கருவாட்டு வாடையோட வந்து நின்னா எங்கப்பா என்ன பண்ணுவாருன்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சாரு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் இறங்கிப் போனப்புறம் சிரிக்கல போலருக்கு."

"அந்த அடுப்பு?"

"அவரு செஞ்சதுதான். கப்பல்ல கேஸ் குப்பி ஏத்த விட மாட்டாங்க. தீவுல கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமில்ல, காசும் வேணாம்னு இத செஞ்சாரு. ராத்திரி முழுக்க அணையாம நிக்குமான்னு பாக்கணும்னாரு."

"மூடி வச்சுட்டுப் படுத்தா ஆபத்துன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவருதான் எல்லாருக்கும் சொல்வாரு. வீடியோவே போட்டிருக்காரு. அடுப்பு எரியும்போது எவ்வளவு மழை பேஞ்சாலும் முகப்ப இறக்காதீங்க, நனைஞ்சா காயலாம், மூச்சுப் போனா வராதுன்னு." சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. "தெரிஞ்சேதான் மூடிக்கிட்டாரா மேடம்?"

அதே கேள்வியை மாலையில் இன்ஸ்பெக்டர் கேள்வியாகக் கேட்கவில்லை, முடிவாகவே சொன்னார். பிரேதப் பரிசோதனையில் கரிப்புகை நச்சுதான் என்று வந்துவிட்டது. ஆபத்து தெரிந்தவன், மழையில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அடுப்போடு படுத்திருக்கிறான். முந்தைய சாயங்காலம் காதலி கைவிட்டிருக்கிறாள். இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

"கடலை ஊறப் போட்டிருக்கான் சார்."

"ஊறப் போட்டப்புறம் மனசு மாறியிருக்கும். நாளைக்குள்ள முடிச்சுருங்க."

மறுநாள் காலை 10.00.

பாடை கிளம்பும் நேரத்தில் பூவிழி சந்து முனையில் வந்து நின்றாள். உறவுக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் ஓடிப்போய் மண்ணை வாரி அவள்மேல் தூற்றினார்கள். "முழுங்கிட்டியேடி" என்று ஒருத்தி. பூவிழி கண்ணை மூடிக்கொண்டாளே தவிர நகரவில்லை. தணிகாசலம் அவளை ஒரே ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அந்த மண் எவ்வளவோ மேல்.

நிர்மலாதேவி பார்த்துக்கொண்டிருந்தது தனக்கொடியை. மகனைப் பறித்தவள் என்று ஊரே சொல்லும் பெண் எதிரே நிற்கிறாள். பெற்றவள் வையவில்லை. மண் விழுந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிற்பகல் 3.00.

ஸ்டேஷன் பின்கட்டில், வேப்பமர நிழலில், அந்தக் கூடாரத்தை அடிக்கச் சொன்னாள் நிர்மலாதேவி. கம்பி எது, கொக்கி எது என்று தெரியாமல் மதிவாணனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவர் பங்குக்கு ஐந்து வாளித் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருந்தது.

"டென்டுக்குத் தல முழுக்காட்டத்தான் என்ன போலீஸ்ல சேத்தாங்களா மேடம்?"

"இன்னும் ரெண்டு வாளி."

ஊற்றி முடித்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மதிவாணன் இரண்டு முறை டீ வாங்கி வந்தார். ஏன் இந்தக் காத்திருப்பு என்று கேட்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனபின் அவள் எழுந்து வெளித்துணியைத் தொட்டாள். கை நனைந்தது. துணியெங்கும் முத்து முத்தாகத் தண்ணீர் அப்படியே நின்றது. உள்ளே தலையை நீட்டித் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரமில்லை.

"நல்ல டென்ட்டுதான் மேடம். வெளிய எவ்வளவு நனைஞ்சாலும் உள்ள காஞ்சிருக்கு."

"ஆமா." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அன்னிக்கு மாடியில இது நேர்மாறா இருந்துச்சு."

மதிவாணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். விடை கிடைத்தால் சந்தோஷம் வரும் என்று அந்த வேலையில் சேர்ந்த புதிதில் நினைத்ததுண்டு. இந்த விடை கைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது. வழக்கைத் தற்கொலை என்று மூடிவிட்டால் ஒருவருக்கும் புதிதாக ஒன்றும் நேராது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மட்டும் ஆயுளுக்கும் நேர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் காலை 9.15.

தணிகாசலமும் உறவுக்காரர்களும் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போயிருந்தார்கள். தனக்கொடி தனியாக இருந்தாள். நிர்மலாதேவி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க பையன் தற்கொலை பண்ணிக்கலம்மா."

தனக்கொடி நிமிரவில்லை.

"முகப்பு மூடியிருந்துச்சு, நீங்க பிச்சுத் திறந்தீங்கன்னு சொன்னீங்க. நான் வந்தப்ப அது அழகாச் சுருட்டி, ரெண்டு பக்கமும் நாடா கட்டி இருந்துச்சு. பெத்த புள்ள கிடக்கிற கோலத்தப் பாத்த அம்மா, துணியச் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கினு நிப்பாளா? அந்த முடிச்சு உங்க பையன் போட்டது. அடுப்பு எரியுதுன்னு முகப்பத் திறந்து கட்டிட்டுத்தான் படுத்திருக்கான். அவன் எதையும் மூடல."

நிர்மலாதேவி நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"ராத்திரி அத்தன மழ. மாடியெல்லாம் தண்ணி. அந்தக் கூடாரத்து மேல மட்டும் காஞ்ச புழுதி. உள்ள பாத்தா வேர்த்துச் சொட்டுது. திறந்து கிடந்த கூடாரத்துல அப்படி வேர்க்காது. அது மேல பெரிசா எதையோ போத்தியிருக்காங்க. மழயும் உள்ள போகல, புகயும் வெளிய வரல. சுத்தி இருந்த செங்கல்லு அது பறக்காம இருக்க வச்சது."

தனக்கொடியின் விரல்கள் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தன.

"உங்க வீட்டு மொபெட்டு எப்பவும் தார்ப்பாய் போட்டு மூடி இருக்கும்னு எங்க ஏட்டு சொன்னாரு. அதத் தொடறது ஒரே ஆளு. அன்னிக்கு அவ்வளவு மழயில அது நனைஞ்சு கிடந்துச்சு. மழ வந்ததும் வண்டி மேல இருந்து தார்ப்பாய எடுத்துக்கினு அவரு மேல போயிருக்காரு. மூடினது உங்க வீட்டுக்காரர். எடுத்து மறைச்சது நீங்க."

தனக்கொடி எழுந்து போனாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்து வந்து போட்டாள். ஈரத்தோடு மடித்தது. முடைநாற்றம் அடித்தது.

"டீயோட போனேன். இது மூடிக் கிடந்துச்சு. பாத்ததும் சந்தோசமா இருந்துச்சும்மா எனக்கு." அவள் நிதானமாகவே சொன்னாள். "ஒரு வருசமா மூஞ்சக் குடுத்துப் பேசாத மனுசன், மழயில ஏறிப் போய்ப் புள்ளைய மூடிட்டு வந்திருக்காரேன்னு. அவன எழுப்பி, பாருடா உங்கப்பா பண்ணியிருக்கறதன்னு காட்டணும்னு இழுத்தேன். குப்புன்னு அடிச்சுது புக. அப்புறந்தான்..."

அவள் தார்ப்பாயின் ஓரத்தை மடித்துவிட்டாள்.

"கத்தறதுக்கு முன்னாடியே புரிஞ்சுபோச்சு. இது அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே செத்துருவாருன்னு. சுருட்டி இங்க கொண்டாந்து வச்சுட்டு, திரும்ப ஏறிப் போய்த்தான் கத்தினேன். மழ விட்டதும் நான் வந்து தார்ப்பாய எடுத்தேன், அப்ப மூச்சு நல்லா இருந்துச்சு, அப்புறமா அவனாத்தான் மூடிக்கினான்னு அவர்ட்ட சொன்னேன். போலீஸ்ல தார்ப்பாப் பேச்சே எடுக்காத, குழப்பிருவாங்கன்னேன். நம்பிட்டாரு."

"அந்தப் பொண்ணு?"

"சின்ன வயசு. கல்யாணம் ஆகும், புள்ள குட்டி பொறக்கும். மறந்துரும். இவரு எங்க போவாரு?"

"அவ மறக்க மாட்டாம்மா. நான் கொன்னேன்னு எழுதிக்கச் சொல்லி வந்து உட்கார்ந்தவ அவ."

தனக்கொடி அப்போதுதான் அழுதாள். மகன் செத்த நாளிலிருந்து அவளிடம் நிர்மலாதேவி பார்த்த முதல் அழுகை. சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"விபத்துன்னுதான் எழுதப் போறேன். நீங்க சொன்ன பொய்க்கு என்ன பண்ணணுமோ, அத கோர்ட்டு சொல்லும். ஆனா எப்படி நடந்துச்சுன்னு எழுதாம விபத்துன்னு எழுத முடியாது. எழுதினா அவர்ட்ட கையெழுத்து வாங்கணும். அதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என் வாயால வராதும்மா."

பகல் 11.40.

தணிகாசலம் ஈர வேட்டியோடு உள்ளே வந்தார். தரையில் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நிர்மலாதேவி எழுந்து நின்றாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதற்கு மட்டும் அவளிடம் பழகிய வார்த்தை எதுவும் இல்லை. சுற்றிவளைக்காமல் சொன்னாள். அடுப்பு முகப்பில் இருந்தது, அவர் போட்ட தார்ப்பாய் அதையும் சேர்த்து மூடிவிட்டது, இருட்டிலும் மழையிலும் அது அவர் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். தனக்கொடி ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் அவள் கையை விலக்கவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

வெளியே யாரோ பால்காரரைக் கூப்பிட்டுச் சில்லறை கேட்டார்கள். கமலவேணி வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. நிர்மலாதேவி ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

"முழிச்சிருப்பானா?" என்றார் அவர்.

"இல்லீங்க. தூக்கத்திலேயே."

"நான் வந்தது தெரிஞ்சிருக்குமா அவனுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலீங்க," என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தவர்போல. பிறகு இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

"அந்தப் பொண்ணு வீடு எங்க?"

"இன்னிக்கே வேணாங்க," என்றாள் தனக்கொடி.

"எங்கன்னு கேட்டேன்."

லாஸ்பேட்டையில் அரசு குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. ஜீப் சத்தம் கேட்டுப் பூவிழியே வெளியே வந்தாள். தணிகாசலத்தைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினாள். இன்னொரு கைப்பிடி மண்ணுக்குத் தயாராவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். ஒரு வருடமாக வீட்டில் வாய் திறக்காத மனிதர், தெருவில் நின்று, அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்திருக்கப் பேசினார்.

"நீ சொன்னது அவன ஒண்ணும் பண்ணலம்மா. அவன் உன்ன நெனச்சு சாகல. நான்தான் மூடினேன். நனையக் கூடாதுன்னு மூடினேன். எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லு. அவங்கப்பன்தான் மூடினான்னு சொல்லு."

பூவிழி கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் நிம்மதி எதுவும் வரவில்லை. அவர் சொன்னதன் முழுப்பாரமும் இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இரண்டே எட்டில் வந்து கேட்டைத் திறந்து, அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கப்பா. வெயில்ல நிக்காதீங்க."

அவர்கள் இருவரும் படியேறி உள்ளே போனார்கள். கேட் திறந்தே கிடந்தது.

ஜீப்பில் கூட வந்திருந்த தனக்கொடியை யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்டைத் தாண்டவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தெருவிலேயே நின்றாள். ஜீப்பில் ஏறப் போன நிர்மலாதேவி, மதிவாணனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.